இடம் மாறிய பசை

நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று பழைய கணிப்பொறி ஒன்றேனும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு சூன் முதல் நாளன்று, கேரள அரசின் கைட் விக்டேர்ஸ் தொலைக்காட்சி வழியாக 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பாடங்கள் தொடங்கின. பள்ளிகள் மூடிக் கிடந்த அந்நாட்களில், கையில் இருந்ததையும் கடன் பெற்றதையும் சேர்த்து, பிறர் பயன்படுத்திக் கழித்த இயந்திரங்களை வாங்கியோர் நம்மில் பலர். அவை இப்பொழுது மூப்பெய்திவிட்டன. வெயில் ஏறினால் இரைகின்றன. சில வேளைகளில் தாமே நின்றுவிடுகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைத் தாமே திறந்து செப்பனிடவும் துணிகிறார்கள். அந்தத் துணிவை நாம் குறை கூறவில்லை. ஆனால், சிறிது பசை இடம் மாறிப் படிந்ததனால் ஒரு குடும்பம் நான்கு நாட்கள் பட்ட துன்பத்தை அன்பர்கள் அறிதல் நலம். அத்துன்பத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பணிவுக்காக இதைச் சொல்லவில்லை; பிழையின் முதற்பகுதி நம்முடையதே.

பூ விற்ற பணம்

தம்பானூரில் நம் குடியிருப்பை அடுத்த சந்தில் தோவாளைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாழ்கிறது. குடும்பத் தலைவர் பூக்கட்டி விற்பவர். விடியுமுன் தோவாளைச் சந்தையிலிருந்து வந்திறங்கும் பூவை வாங்கி, தாமும் மனைவியுமாகத் தொடுத்து, பிற்பகலுக்குள் விற்று முடிப்பார். அத்தப்பூக்களம் இடும் ஓணத்து நாட்கள்தாம் அவருடைய ஆண்டு வருவாயில் பெரும்பங்கு. அத்தகைய ஓர் ஓணத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு, பழைய கணிப்பொறிகளைச் செப்பனிட்டு விற்கும் கடையொன்றில் 14,000 ரூபாய் கொடுத்து ஓர் இயந்திரம் வாங்கினார்.

அவ்வியந்திரம் வீட்டுக்கு அணிகலனாக இருக்கவில்லை, உழைத்தது. மூத்த பெண் வணிகவியல் படித்தவள். சாலைக் கடைத்தெருவில் உள்ள இரண்டு வணிகர்களின் விற்பனைச் சீட்டுகளை வீட்டிலிருந்தே பதிந்து கொடுக்கிறாள். சரக்கு சேவை வரியின் பொருட்டு, ஒரு மாதத்து விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் நாளுக்குள் அரசுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதை நம் வணிக அன்பர்கள் அறிவார்கள். ஆகையால் ஒவ்வொரு மாதமும் முதற் பத்து நாட்களில் அப்பெண்ணுக்கு வேலை மிகுதி. இளையவன் மேனிலைப் பள்ளி மாணவன். கேரளப் பள்ளிகளில் 2018 முதல் நடைபெறும் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றத்தில் இருந்தவன். ஆதலின் கணிப்பொறி என்றால் அவனுக்கு அச்சம் இல்லை.

மீன மாதத்து வெயிலில் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடவே, பையன் நம்மிடம் வந்தான். பயணச்சீட்டு அலுவலகத்தில் நாள் முழுதும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர் அதன் வயிற்றில் உள்ளவற்றையும் அறிந்திருப்பார் என்று அக்கம்பக்கத்தார் எண்ணுவது இயல்பு. நாம் படித்தது பத்தாம் வகுப்பு வரையில். இயந்திரத்தைப் பற்றி அறிந்ததோ நண்பர் சிலர் வாய்வழிக் கேட்டது மட்டும். அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. "உள்ளே செயலியின்மேல் பூசிய பசை காய்ந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு. தாராளமாகப் போடு, குறைந்தால்தான் கெடுதல்" என்று அறிந்தவர்போல் சொல்லி அனுப்பினோம்.

பசையின் தொழில்

நாம் சொன்னதில் என்ன பிழை என்பது விளங்க, அப்பசையின் தொழில் யாது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கணிப்பொறியின் கணக்கையெல்லாம் செய்வது, பிராசசர் என்று வழங்கும் செயலி. பூக்கடைக்காரர் வீட்டு இயந்திரத்தில் இருந்தது பக்கத்துக்கு 40 மில்லிமீட்டர் உள்ள சதுரச் சில்லு. அது முழு வேகத்தில் உழைக்கும்பொழுது ஏறத்தாழ 65 வாட் அளவு வெப்பத்தை வெளியிடும். முற்காலத்து 60 வாட் விளக்குக் குமிழைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அதன் கடுமை தெரியும். இவ்வெப்பத்தை அப்புறப்படுத்துவதற்காகச் செயலியின் தலைமேல், மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கிய குளிர்விப்பான் ஒன்றை வைத்து, அதற்கும் மேலே ஒரு விசிறியைப் பொருத்தியிருக்கிறார்கள்.

செயலியின் தலைத்தகடும் குளிர்விப்பானின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், பெரிதாக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமே. இரண்டையும் எவ்வளவு இறுக்கி வைத்தாலும் மேடுகள் சில தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பம் கடத்துவதில் காற்று மிகச் சோம்பல் உடையது; செம்பு அதைக் காட்டிலும் ஏறத்தாழ 15,000 மடங்கு விரைந்து கடத்தும். அப்பள்ளங்களில் உள்ள காற்றை வெளியேற்றி, அவ்விடத்தை நிரப்புவதே இப்பசையின் தொழில். பசை என்று பெயரிருப்பினும் ஒட்டுவதற்கு ஏற்பட்டதன்று. பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற பொடிகளைக் குழைத்து இதனைச் செய்கிறார்கள்.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல பசை காற்றைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆனால் செம்பைக் காட்டிலும் பல பத்து மடங்கு குறைவாகவே கடத்தும். அஃதாவது, காற்று இருந்த இடத்தில் பசை வந்தால் நன்மை. உலோகமும் உலோகமும் தொட வேண்டிய இடத்தில் பசை கனமாக நின்றால் இடையூறு. துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்து, குளிர்விப்பானைச் சமமாக அழுத்தி முடுக்கினால், அதுவே மெல்லியதாகப் பரவிவிடும். மிகுதியாக வைத்தால் மிகுந்தது ஓரங்களில் வழியும். தாராளம் என்று நாம் சொன்ன சொல் இவ்வாறு இருமுறை பிழையானது.

நம் தொழிலிலேயே இதற்குச் சான்று இருந்தும் நமக்குத் தோன்றவில்லை. புகைவண்டிப் பாதையின் வளைவுகளில், வெளிப்புறத் தண்டவாளத்தின் உட்பக்கத்தைச் சக்கரத்தின் விளிம்பு உரசித் தேய்க்கும். அவ்வுட்பக்கத்தில் கிரீஸ் தடவினால் தண்டவாளமும் சக்கரமும் நெடுநாள் உழைக்கும். அதே கிரீஸ் தண்டவாளத்தின் தலைப்பில் ஏறிவிட்டால், எஞ்சின் சக்கரம் பிடிப்பின்றி வழுக்கும். ஓட்டுநர் மணலைத் தூவி வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சில விரற்கடைதான். பொருள் ஒன்றே, இடம் மாறினால் பயன் மாறுகிறது.

ஞாயிறன்று நடந்தது

பையன் மாதத்தின் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இயந்திரத்தைத் திறந்தான். தாய் தந்தையர் கடையில் இருந்தனர். அக்காள் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தாள். குளிர்விப்பானின் திருகுகளைக் கழற்றி, நேராக மேலே இழுத்தான். காய்ந்த பழம்பசை கெட்டியாகப் பற்றியிருந்ததனால், குளிர்விப்பானோடு செயலியும் தன் பொருத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இவ்வகைச் செயலிகளுக்கு இது அடிக்கடி நேரும் விபத்து என்று பின்னர் அறிந்தோம்.

அச்செயலியின் அடிப்பக்கத்தில் 1331 ஊசிகள் உள்ளன. பொன் முலாம் பூசிய அவை தலைமயிரினும் சற்றே தடித்தவை. வரிசை வரிசையாகப் பயிர் நாற்றுப்போல் நிற்பவை. பையன் பதறிப்போய்ச் செயலியைப் பிரித்தெடுத்தபொழுது அது கைந்நழுவி விழுந்தது. புதுப்பசை படிந்திருந்த விரல்களால் அதைப் பற்றி எடுத்தான். ஊசிகளின் ஒரு மூலையில் பசை ஏறியது. அதைத் துண்டால் துடைத்தான். துண்டின் நூல் ஊசிகளில் சிக்க, இரண்டு ஊசிகள் சாய்ந்தன. பசையோ ஊசிகளின் அடி வரையில் இறங்கியது. வெளியே தெரிந்ததை மட்டும் நீக்கி, செயலியைப் பொருத்தில் இறக்கி, தலைமேல் நாம் சொல்லியவாறு தாராளமாகப் பசை இட்டு மூடிவிட்டான்.

இயந்திரம் ஓடியது. ஆனால் 8 ஜிகாபைட் நினைவகத்துக்குப் பதில் 4 என்று காட்டியது. மாலையில் இருமுறை உறைந்து நின்றது. திங்கட்கிழமை காலையில் விசிறி சுழன்றதேயன்றித் திரையில் யாதும் தோன்றவில்லை.

பையன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

மூன்று நாள் மௌனம்

பிழையினும் அதை மறைத்ததனால் விளைந்த கேடே பெரிது. மாதத்தின் விற்பனைச் சீட்டுகள் பெரும்பாலும் அவ்வியந்திரத்திலேயே பதிவாகி இருந்தன. நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காள் வணிகர்களிடம் போய்த் தவணை கேட்டாள். ஒருவர் பொறுத்தார். மற்றவரோ, அடுத்த மாதம் முதல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்த வேலையில் வரும் பணத்தைக் கொண்டுதான் வீட்டு வாடகையில் பாதி கழிந்து வந்தது.

தந்தைக்கு வந்த சினம் கடைக்காரர்மேல் பாய்ந்தது. "பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டான்" என்று செவ்வாயன்று கடைக்குப் போய், வாடிக்கையாளர் முன்னிலையில் இரைந்து பேசினார். கடைக்காரர் மலையாள அன்பர். "இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் விடை கூறினாராம். "உன்னிடம் இன்னொரு முறை கொடுத்து ஏமாறுவேனோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார் இவர். அயலூரில் பிழைக்க வந்த நமக்குக் கடைத்தெருவில் ஒருவரோடு உள்ள நல்லுறவு, வங்கியில் இட்ட பணத்தைப் போன்றது என்பதை அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வுறவை, குற்றம் செய்யாத ஒருவர்மேல் பழி சுமத்தி அன்று அவர் முறித்துக்கொண்டார். பையன் வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தபடி இருந்தானாம்.

புதன்கிழமை இரவு, பணி முடிந்து வந்த நம்மை அவர் தேடி வந்தார். "தம்பி, நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், அதன்பின் நான் காவல் நிலையத்துக்குப் போவதா என்று முடிவு செய்கிறேன்" என்றார். இயந்திரத்தைத் திறந்து கைவிளக்கைப் பிடித்தோம். குளிர்விப்பானைச் சுற்றி நாற்புறமும் பசை வழிந்து பொருத்தின் ஓரம் வரை இறங்கியிருந்தது. நாம் நிமிர்ந்து பையனைப் பார்த்தோம். அவன் தந்தையைப் பார்க்காமல் நம்மையே பார்த்து, "மாமா, தாராளமாகப் போடச் சொன்னீர்களே" என்றான்.

அச்சொல் நம்மைச் சுட்டது. தந்தை கையை ஓங்கினார். "அவனை அடிப்பதானால் முதல் அடி எனக்கு" என்று நாம் குறுக்கே நின்றோம். அறியாததை அறிந்ததுபோல் சொன்னவர் நாம். சொன்னவாறு செய்தவன் அவன். அதன்பின் பையன் ஒன்றும் விடாமல், பிடுங்கிக்கொண்டு வந்ததும் விழுந்ததும் துடைத்ததுமாக எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் தோள்கள் தளர்ந்து இறங்கியதைக் கண்டோம். மூன்று நாள் சுமந்த சுமை அது.

கடையில் கற்றது

வியாழக்கிழமை காலை, கடை திறக்கும் வேளையில் மூவரும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு போனோம். பூக்கடைக்காரர் வாசலிலேயே நின்று, "சேட்டா, பிழை எங்கள் வீட்டில்தான். அன்று பேசியதை மனத்தில் வைக்க வேண்டாம்" என்றார். கடைக்காரர் தலையசைத்துவிட்டு, மேசைமேல் இடம் ஒதுக்கினார். பேச்சு அவ்வளவுதான். பையனை அருகில் அழைத்து, தாம் செய்வதைப் பார்க்கச் சொன்னார். அவர் செய்தவற்றை வரிசையாக இங்கே தருகிறோம். பல வீடுகளுக்கு உதவும்.

முதலில், மின்கம்பியைப் பிடுங்கி, இயந்திரத்தின் உலோகக் கூட்டை ஒருமுறை தொட்டார். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளில் பாயாதிருக்க இது வேண்டும். குளிர்விப்பானை நேராக மேலே இழுக்காமல், திருகுகளைக் கழற்றியபின் இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி, பிடி தளர்ந்ததும் எடுத்தார். ஓடக்கூடிய இயந்திரமாயின், கழற்றுமுன் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்தால் பசை சூட்டில் இளகியிருக்கும் என்றார்.

அடுத்து, பொருத்தின் பக்கத்தில் உள்ள நெம்புகோலை உயர்த்திச் செயலியை எடுத்தார். தலைப்பக்கத்துப் பசையை நூல் உதிராத துணியால் வழித்தார். பின், ஐசோபுரோப்பைல் ஆல்ககால் என்னும் சாராய வகையில் மென்மையான பல்துலக்கியை நனைத்து, ஊசி வரிசைகளின் போக்கிலேயே, அழுத்தாமல், ஒரே திசையில் பலமுறை இழுத்தார். குறுக்கே தேய்க்கவில்லை. பஞ்சும் துண்டும் ஊசிகளின் அருகே வரலாகாது. நூலிழை சிக்கி ஊசியை வளைத்துவிடும். அழுக்கு கரைந்து ஊறியதும் புதுச் சாராயத்தால் கழுவினார். இச்சாராயம் எளிதில் தீப்பற்றும். விளக்கு, அடுப்பு அருகில் இருத்தல் கூடாது. தண்ணீரும் மண்ணெண்ணெயும் உதவா. நகப்பூச்சு நீக்கும் நீர்மம் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். தொற்றுக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கைகழுவும் கூழில் கிளிசரினும் நீரும் கலந்திருப்பதால் அதுவும் ஆகாது.

சாய்ந்த இரண்டு ஊசிகளை அவர் நிமிர்த்திய விதம் வியப்பானது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மெக்கானிக்கல் பென்சிலில் குச்சியை நீக்கிவிட்டு, அதன் குழாய் நுனியை ஊசியின்மேல் மாட்டி, மயிரிழை மயிரிழையாக நேராக்கினார். பூதக்கண்ணாடியால் வரிசைகளை நாற்புறமும் நோக்கி, கோணல் இல்லை என்று கண்டபின்பே நிறுத்தினார்.

பொருத்தின் துளைகளிலும் பசை இறங்கியிருந்தது. அதற்கு அவர், நெம்புகோல் திறந்த நிலையிலேயே, சாராயம் நனைந்த ஊசிகளைத் துளைகளில் இறக்கி எடுத்தார், வெளியே வந்த ஊசிகளைத் துலக்கினார், மீண்டும் இறக்கினார். ஆறேழு முறைக்குப்பின் ஊசிகள் தூயனவாக வந்தன. பிறகு எல்லாவற்றையும் விசிறிக் காற்றில் உலரவிட்டார். இடவப்பாதி மழைக்காலமாயின் நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. இன்னும் நெடுநேரம் உலர்த்த வேண்டும் என்றார்.

உலரும் நேரத்தில் பையன் ஓர் ஐயம் கேட்டான்: "இந்தப் பசையில் மின்சாரம் பாயாது என்று உறையில் எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் இயந்திரம் நின்றது?" நல்ல கேள்வி என்று கடைக்காரர் விடை சொன்னார். மின்சாரம் பாயாத பசை என்பதனால்தான் செயலி கருகாமல் பிழைத்தது. மின்சாரம் பாயாத பசை என்பதனால்தான் இயந்திரம் ஓடாமலும் போயிற்று. ஊசிக்கும் துளைக்கும் இடையே அது மெழுகுபோல் நின்று தொடர்பைத் தடுத்துவிட்டது. இக்காலத்துச் செயலிகளில் நினைவகத்தை ஆளும் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு உரிய ஊசிகள் சில தொடர்பிழந்ததனால் நினைவகத்தில் பாதி மறைந்தது. அப்பொழுதே நிறுத்தியிருந்தால் ஒரு மணி நேர வேலை என்றார். பையன் தலைகுனிந்தான்.

பின்னர் அவனையே அழைத்து, துவரம்பருப்பு அளவு பசையை நடுவில் இடச் செய்தார். அவன் கை நடுங்கிற்று. எனினும் சரியாகவே இட்டான். குளிர்விப்பானை வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்கினர். மின்சாரம் கொடுத்தவுடன் திரை ஒளிர்ந்தது. நினைவகம் 8 என்று காட்டியது.

கடைக்காரர் தம் உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அதுவே முறை. பூக்கடைக்காரர் அவரை விடாமல் அழைத்துக்கொண்டு போய், லாரி பேக்கர் வடிவமைத்த, சுருள் சுருளாக மேலேறும் நம் தம்பானூர்க் காபி ஹவுஸில் எல்லோருமாகக் காபி அருந்தச் செய்தார். அன்றிரவு அக்காள் விடிய விடிய அமர்ந்து பதிவை முடித்தாள். 11ஆம் நாள் மாலைக்குள் இரண்டு வணிகர்களின் கணக்கும் போய்ச் சேர்ந்தன. விலகுவதாகச் சொன்ன வணிகர் அவளை இன்னும் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அளவில் நிற்கிறது.

எந்தச் செயலி, எந்தப் பசை?

பிற வீடுகளில் உள்ள இயந்திரங்கள் வேறுபடலாம். ஆகையால் சிலவற்றைப் பொதுவாகச் சொல்லி வைப்போம்.

எல்லாச் செயலிகளுக்கும் அடியில் ஊசி இராது. இன்டெல் நிறுவனம் 2004 முதல் மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் ஊசியை நீக்கிவிட்டு, தட்டையான பொட்டுகளை வைத்தது. ஊசிகள் சிறு வில்களாகப் பலகையின் பொருத்துக்குப் போயின. ஏஎம்டி நிறுவனமும் 2022இல் தன் ஏஎம்5 பொருத்தில் அம்முறைக்கு வந்து, 1718 தொடர்புகளை அமைத்தது. இவ்வகையில் பொட்டுகளில் பசை பட்டால் துடைப்பது எளிது. ஆனால் பலகையில் உள்ள வில்லூசிகளைத் தேய்க்கவே கூடாது. ஒன்று வளைந்தாலும் பலகையே வீணாகக்கூடும். அங்கே பசை விழுந்தால், பழகிய கையிடம் கொடுப்பதே நன்று.

ஏஎம்5 வகைச் செயலியின் தலைத்தகட்டில் ஓரங்களில் வெட்டுகள் உண்டு. அவற்றினூடே கெப்பாசிட்டர் என்னும் சிறு மின்தேக்கிகள் வெளியே தெரியும். பசை வழிந்து அவ்வெட்டுகளில் நிரம்புவதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். மின்சாரம் கடத்தாத பசையாயின் அங்கே அது கேடு செய்யாது. அதைக் குச்சியால் நோண்டி மின்தேக்கியைப் பெயர்த்துவிடுவதே கேடு.

ஆகவே, பசை எவ்வகை என்பதை முதலில் உறையைப் பார்த்து அறிய வேண்டும். வெண்மையான சாதாரணப் பசைகள் மின்சாரம் கடத்துவதில்லை. வெள்ளிப்பொடி கலந்தவற்றுள் சில மின்சாரத்தைக் கடத்தாவிடினும் சிறிதளவு தேக்கிவைக்கும் இயல்புடையவை. அவற்றை ஊசிகளிலிருந்து விலக்கி வைக்குமாறு செய்தோரே எச்சரிக்கின்றனர். மூன்றாவது வகை திரவ உலோகம். காலியம் என்னும் உலோகத்தை வேறு உலோகங்களோடு கலந்து செய்யப்படுவது. 2020இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 விளையாட்டு இயந்திரத்தில் இதனைப் பயன்படுத்தினார்கள். இது மின்சாரத்தை நன்கு கடத்தும். அலுமினியத்தில் பட்டால் அதனுள் ஊடுருவி நொறுங்கச் செய்யும். இது ஒரு துளி இடம் மாறினாலும் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கலாகாது.

வெப்பத்துக்கு அஞ்சிப் பதற வேண்டுவதும் இல்லை. 2001இல் அயல்நாட்டில் நடந்த சோதனை ஒன்றில், ஓடிக்கொண்டிருந்த செயலிகளின் குளிர்விப்பானை அகற்றியபொழுது, ஒரு வகைச் செயலி சில நொடிகளில் கருகியது. மற்றொன்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய செயலிகள் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 95 அல்லது 100 பாகை செல்சியஸை எட்டினால் தாமே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிடின் நின்றுவிடும். நிற்பது சினம் அன்று, தற்காப்பு.

பதிவேட்டில் ஒரு கோடு

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் பழமொழி. பசை இடம் மாறிப் படிவது யார்க்கும் நேரக்கூடியது. நாட்பட்ட கைகளுக்கும் நேர்கிறது என்று அக்கடைக்காரரே சொன்னார். படிந்ததை உடனே கண்டு, மின்சாரம் கொடுக்காமல் நிறுத்தி, பொறுமையாகத் துடைத்தால், பெரும்பாலும் இழப்பு சிறிது சாராயமும் ஒரு மணி நேரமுமே. அன்று இழந்தவையோ நான்கு நாட்கள், ஒரு பெண்ணின் வேலை கிட்டத்தட்ட, ஒரு கடைக்காரரின் மானம்.

எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பதிவேட்டில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அதைச் சுரண்டவோ, மேலே எழுதி மறைக்கவோ கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு இட்டு, சரியான எண்ணை அருகில் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். தவறியவர் எழுத்தருக்குத் தலைகுனிவு இல்லை, சுரண்டியவர்க்கே விசாரணை. பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த எழுத்தர் ஒருவர் நமக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? கை ஓங்கும் வீட்டில் பிள்ளை கோடிடாது, சுரண்டத்தான் பார்க்கும்.

எனவே பெற்றோரான அன்பர்களை இரண்டு வேண்டிக்கொள்கிறோம். பிள்ளை ஒரு பொருளைக் கெடுத்துவிட்டு வந்து நின்றால், முதலில் "எப்பொழுது நேர்ந்தது?" என்று கேளுங்கள், சினத்தைச் சற்று ஒத்திவையுங்கள். இரண்டாவது, நம்மைப் போன்று, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். தெரியாது என்று சொல்லி, தெரிந்தவர் கடையைக் காட்டுவதும் உதவியே.

பூக்கடைக்காரர் மகன் இவ்விடுமுறையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் அக்கடையில் இருந்து வேலை பழகுகிறான். சென்ற வாரம் நம் வீட்டு இயந்திரத்தையும் திறந்து துடைத்துக் கொடுத்தான். பசை இடும்பொழுது நம்மைப் பார்த்து, "இவ்வளவு போதுமா, மாமா?" என்று கேட்டான். நமக்குத் தெரியாது என்று சொன்னோம்.